கடல்நீர் மீன்தொட்டி: கடையிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

கடல்நீர்த் தொட்டியில் ஓர் உயிர் இறந்தால், தண்ணீரில் என்ன கோளாறு என்றுதான் பெரும்பாலோர் முதலில் தேடுகிறார்கள். தண்ணீர்க் கோளாறு பல உயிர்களைக் கொல்வது உண்மைதான். ஆயினும் நன்னீர் மீன் வளர்த்துவிட்டுக் கடல்நீருக்கு மாறுபவர்களின் தொட்டிகளில், இறந்த உயிர்களில் கணிசமானவை அங்கே பிழைக்க வழியே இல்லாதவை. எவ்வளவு கவனமாகப் பராமரித்தாலும் அவற்றைக் காப்பாற்றியிருக்க முடியாது. அவற்றின் முடிவு வாங்கிய அன்றே தீர்மானமாகிவிட்டது. எனவே பராமரிப்பைக் காட்டிலும் தேர்வைப் பற்றியே இங்கே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாண்டரின் மீனை எடுத்துக்கொள்வோம். விரல் நீளமே உள்ள உடலில் நீலமும் ஆரஞ்சும் பச்சையும் நெளிநெளியாக ஓடும் அந்த மீனைப் பார்த்தவர்கள் வாங்காமல் வருவது அரிது. அதன் இயல்பான உணவு, பாறைகளின் மேல் ஊரும் கோப்பிபாடு போன்ற மிகச் சிறிய ஓட்டுயிர்கள். பகல் முழுவதும் பாறையை நுணுகிப் பார்த்து அவற்றை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்பதே அதன் வாழ்க்கை. நாம் தூவும் உலர் உணவைப் பெரும்பாலான மாண்டரின் மீன்கள் உணவாகவே கருதுவதில்லை. மூன்று மாத வயதுள்ள தொட்டியில் இருக்கும் கோப்பிபாடுகளை அது சில வாரங்களில் தின்று தீர்த்துவிடும். அதன் பிறகு நாளுக்கு நாள் மெலியும். ஆனாலும் நிறம் மங்காது, நடமாட்டமும் குறையாது. ஆகவே ஒரு நாள் காலையில் அது இறந்து கிடக்கும்போது திடீர் மரணம் போலத் தோன்றுகிறது. ஓராண்டேனும் நிலைத்த, நிறைய லைவ் ராக் (சிற்றுயிர்கள் குடியேறிய கடல் பாறை) உள்ள, அதே இரைக்குப் போட்டியிடும் மீன்கள் இல்லாத தொட்டிதான் இதற்கு ஏற்றது.

இதே பட்டினிக் கதை வேறு பல உயிர்களுக்கும் பொருந்தும். மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளையும் கோழையையும் தின்று வாழும் நீலக்கோட்டு கிளீனர் ராஸ் என்னும் மீன், நான்கைந்து மீன்களே உள்ள வீட்டுத் தொட்டியில் வயிறு நிறையாமல் இளைத்துப்போகும். பவளத்தின் பாலிப்புகளை (பவளத்தை உருவாக்கும் சிறு உயிர்களை) மட்டுமே தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன் இனங்களுக்கு வீட்டில் இரை கொடுக்கவே முடியாது. மணலைச் சலித்து உண்ணும் நட்சத்திர மீனை "மணலைச் சுத்தமாக வைத்திருக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மையில் மணலில் வாழும் சிற்றுயிர்களைத் தின்று தீர்த்துவிட்டுப் பின்னர் தானும் பட்டினியால் சாகிறது. சாகும் முன் அதன் கைகள் நுனியிலிருந்து கரைந்து உதிர்வதைப் பார்ப்பது மிகவும் வருத்தம் தரும் காட்சி. வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியதாக இருக்கக் கூடாது. இந்த உயிர் எதைத் தின்கிறது, அது என் தொட்டியில் கிடைக்குமா என்பதாகவே இருக்க வேண்டும்.

கடையில் மீனைப் பக்கவாட்டில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவது அடுத்த தவறு. முன்புறமிருந்தும் மேலிருந்தும் பார்க்க வேண்டும். தலைக்குப் பின்னால், முதுகின் இரு பக்கமும் சதை உள்வாங்கியிருந்தால் அந்த மீன் நெடுநாள் பட்டினி கிடந்திருக்கிறது. வயிறு ஒட்டியிருப்பதைவிட இது மோசமான அறிகுறி. செவுள் மூடி வேகமாக அடித்துக்கொள்கிறதா, ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைகிறதா, துடுப்புகளில் உப்புத்தூள் ஒட்டியது போன்ற வெண்புள்ளிகள் உண்டா என்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். பின்னர் கடைக்காரரிடம் நம் கண்ணெதிரே இரை போடச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். இரை தின்னாத மீனைத் தள்ளுபடி விலையில்கூட வாங்க வேண்டாம்.

இரை தின்னாமைக்குப் பின்னால் வேறொரு காரணமும் இருக்கலாம். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பாறை இடுக்குகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம், சட்டம் தடுத்த பிறகும் முற்றாக ஒழியவில்லை. அவ்வாறு பிடிபட்ட மீன் வெளித்தோற்றத்தில் நலமாக இருந்து பல நாள் கழித்து இறக்கக்கூடும். அது பிடிபட்ட இடத்துப் பவளமும் உடன் அழிகிறது. ஆகவே பண்ணையில் பிறந்த மீன் கிடைக்கும்போது கடலில் பிடித்ததை வாங்குவதற்கு நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. கோமாளி மீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதன் இனப்பெருக்க முறைகளை உருவாக்கிப் பல காலம் ஆகிறது. பண்ணைக் குஞ்சுகள் உலர் உணவுக்குப் பழகியவை. தொட்டி வாழ்க்கை அவற்றுக்குப் புதிதும் அன்று.

கோமாளி மீனோடு, கடலில் அது தஞ்சம் புகும் கடல் சாமந்தி என்னும் உயிரையும் சேர்த்தே வாங்கிவிடுவது மிகப் பரவலான தவறு. கோமாளி மீன் சாமந்தி இல்லாமலே நலமாக வாழும். சாமந்திக்கோ வலுவான ஒளியும் பல மாதங்கள் நிலைபெற்ற தண்ணீரும் தேவை. இடம் பிடிக்காவிட்டால் அது நகர்ந்து சென்று நீரோட்ட மோட்டாரில் சிக்கிச் சிதையும். சிதைந்தால் மற்ற உயிர்களையும் சேர்த்துக் கொல்லும். நீல டேங் மீன் கடையில் ஐந்து சென்டிமீட்டர் இருக்கலாம், முழு வளர்ச்சியில் அது முப்பது சென்டிமீட்டர் வரை வளரும். 200 லிட்டர் தொட்டியில் அதை வளர்ப்பது கொடுமை.

இந்தியாவில் வாழ்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். கல்பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. இராமேசுவரம், தூத்துக்குடி கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டை அழகுக்காக எடுத்து வருவதும் குற்றமாகலாம்.

தொட்டியைப் பொறுத்தவரை, மணலும் பாறையும் இட்டுக் கடல்நீர் நிரப்பிய வாரமே மீன் விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மீன், அதுவும் ஒன்றோ இரண்டோ.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய தவறுகள் சில உண்டு. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரில் கடல் உப்பைக் கரைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வகை இயந்திரங்கள் பல, சுவைக்காக வடிகட்டாத நீரில் ஒரு பகுதியைத் திரும்பக் கலக்கின்றன. சில, உடல்நலத்துக்கு என்று செம்பையும் சேர்க்கின்றன. மனிதருக்குத் தீங்கில்லாத அந்தச் சிறு அளவுச் செம்பே இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சாகக்கூடும். கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ.-டி.ஐ. நீரையே (ஆர்.ஓ. வடிகட்டலுக்குப் பின் எஞ்சிய அயனிகளும் நீக்கப்பட்ட நீர்) பயன்படுத்த வேண்டும். ஆவியாகிக் குறையும் நீரை உப்புநீரால் ஈடுசெய்வதும் தவறு, ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 200 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் ஆவியானால் உப்பு ஏறக்குறைய 37 கிராமாகிவிடும். உப்புச் சேர்க்காத ஆர்.ஓ.-டி.ஐ. நீரைத் தினமும் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே முறை.

வெப்பம் இன்னும் பெரிய சிக்கல். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. சென்னையின் மே மாதத்தில் மின்விசிறி மட்டும் வைத்து அந்த அளவைப் பிடிக்க முடியாது, கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் ஆவியாதல் மூலம் கிடைக்கும் குளிர்ச்சி குறைவு. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்கும் செலவைத் தொட்டி வாங்கும் போதே கணக்கில் சேர்க்காதவர்கள் முதல் கோடையிலேயே பவளங்களை இழக்கிறார்கள். பவளத்தின் திசுக்களில் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள், வெப்பம் மிகும்போது வெளியேறிவிடுகின்றன, பவளம் வெளுக்கிறது. மன்னார் வளைகுடாவிலேயே 2010, 2016 கோடைகளில் இது பெருமளவில் நடந்தது. மின்தடைக்கென மின்கலத்தில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

புதிய மீனை நேராகத் தொட்டியில் விடுவதால் வரும் நோய், பெரும்பாலும் கடல்நீர் வெண்புள்ளி நோயாக இருக்கும். அதற்கான செம்பு மருந்தைப் பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் ஊற்றினால் மீன் பிழைக்கலாம், மற்றவை அழியும். செம்பு பாறையிலும் மணலிலும் படிந்து நெடுநாள் தங்கும். பாறையோ மணலோ இல்லாத, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மட்டும் மறைவிடமாக உள்ள தனித் தொட்டியில் புதிய மீனை நான்கு வாரமேனும் வைத்துப் பார்ப்பது இந்தத் தொல்லையைப் பெருமளவு தவிர்க்கும்.

இறால், நத்தை, நட்சத்திர மீன் ஆகியவை உப்பளவு திடீரென மாறுவதைத் தாங்காது. பை நீரைப் பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரை வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விட்டு, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பழக்க வேண்டும். நட்சத்திர மீனை நீரிலிருந்து காற்றுக்கு எடுக்காமலே மாற்றுவது நல்லது.

பவளம் வளர்ப்போர் எண்களைத் துரத்துவதில் மிகுதியாகத் தவறுகிறார்கள். ஆல்கலினிட்டி (நீரின் காரத்தன்மை, dKH அலகில்) 8 என்றாலும் 9 என்றாலும் பவளம் வாழும். இன்று 7, நாளை 10 என்று தாவினால் திசு உரிந்துவிடும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்க முயல்வதும் பவளத்தைப் பட்டினி போடுவதே. இடம் விடாமல் நெருக்கி நடுவது இன்னொரு பிழை. கேலக்ஸியா போன்ற பவளம் இரவில் ஒரு சாண் நீளம் வரை கொட்டும் உணர்கொம்புகளை நீட்டி அண்டைப் பவளத்தைச் சுட்டுவிடும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, சோவாந்தஸ், பாலித்தோவா ஆகிய, பாறையில் படரும் மென்மையான பவள உறவினங்களை வெறுங்கையால் கையாள்வதும், அவை படர்ந்த பாறையைச் சுத்தம் செய்ய வெந்நீரில் வேகவைப்பதும். அவற்றில் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு நீராவியோடு மூச்சில் கலந்து, வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே அவற்றைத் தொட வேண்டும். பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்கக் கூடாது.

வளர்க்க முடியாமல் போன உயிரைக் கடலில் விடுவது இரக்கம் போலத் தோன்றலாம், ஆனால் அது கடலுக்கே கேடாகலாம். இந்தோ-பசிபிக் கடலுக்குரிய சிங்க மீன் 1985இல் புளோரிடா கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே காரணம் என்று கருதப்படும் அந்த மீன், இன்று கரீபியன் பவளப்பாறைகளின் சிறு மீன்களைப் பெருமளவில் தின்று அழிக்கிறது. வளர்க்க முடியாத உயிரைக் கடைக்கோ, பெரிய தொட்டி உள்ள வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுத்துவிடலாம். தொட்டி நீரையும் மணலையும்கூடக் கடலில் கொட்டாமல், பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து பின்னர் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுவதே பாதுகாப்பு.