‘பொம்பெயி’ படம் பார்க்க உட்காருவதற்கு முன்

எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரத்தைப் பற்றி 2014-ல் வந்த ‘பொம்பெயி’யைக் காதலுக்காகப் பார்த்தால் கொட்டாவிதான் வரும், நான் முதல் தடவை பாதியிலேயே தூங்கிவிட்டேன். அந்த நகரை அழித்த வெசுவியஸ் எரிமலையைக் கதாநாயகனாக வைத்துப் பாருங்கள்.

முதலில், வெடிப்பை நேரில் பார்த்த ரோமானியர் இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிடசுக்கு எழுதிய கடிதங்களைப் படித்துவிடுங்கள். கி.பி. 79-ல் வெசுவியஸ் கக்கிய புகை, குடையாய் விரிந்த பைன் மரம் போலிருந்தது என்கிறார். அப்புறம், படத்தில் புகை கிளம்பும் இடத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள்.

தெருவுக்குள் கப்பல் புகுவதை நம்ப வேண்டாம். நிஜத்தில் மணிக்கணக்காக விழுந்தது நுரைக்கல், அதாவது எரிமலை கக்கும் துளை நிறைந்த லேசான கல்; பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. மறுநாள் காலை பாய்ந்துவந்த கொதிசாம்பல் மிச்சமிருந்தவர்களை முடித்துவிட்டது.

கடைசி முத்தத்தோடு எழுந்துவிடாதீர்கள். 1863-ல் பொம்பெயியைத் தோண்டிய அகழாய்வாளர் பியோரெல்லி, சாம்பலுக்குள் உடல்கள் விட்டுப்போன வெற்றிடங்களில் பாரிஸ் சாந்து ஊற்றி உருவங்களை எடுத்தார். அந்தச் சாயலில்தான் படம் முடிகிறது. என் மனைவி பாப்கார்ன் கிண்ணத்தைக் கீழே வைத்தது அங்கேதான்.