பேய் நாவலைப் படம் வருமுன் மறுபடி படிப்பது எப்படி?

படம் வெளியாகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 400 பக்க நாவலுக்கு, நாளுக்கு 40 பக்கம் வீதம் பத்து நாள். ரிலீஸுக்கு ஐந்து நாள் முன்பே முடித்துவிட வேண்டும். முந்தின ராத்திரி வரை இழுத்தால் வசனமெல்லாம் அப்படியே நினைவில் நிற்கும். தியேட்டரில் பயப்படுவதை விட்டுவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம். சுருக்குகிறவர் முதலில் கைவைப்பது வீட்டு வர்ணனையிலும் மழையிலும் காற்றிலும்தான். பயம் ஊறுவதே அங்கேதான். நடிகர் முகம் போட்ட புது அட்டை என்றால் பிரவுன் ஷீட் போட்டு மூடுங்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய பிரதி கிடைத்தால் நல்லது, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பாருங்கள். வீட்டில் சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. மெட்ரோவிலும் படிக்கலாம், ஆனால் உச்சகட்ட அத்தியாயங்களை அல்ல. 'அடுத்த நிலையம்' என்ற அறிவிப்பு குறுக்கே வந்தால் எந்தப் பேயும் ஓடிவிடும்.

கையில் பென்சில் இருக்கட்டும். கதை திரும்பும் இடங்களுக்குக் கோடு வேண்டாம், அதெல்லாம் படத்தில் எப்படியும் வரும். உடம்பு சிலிர்த்த இடத்தில் மட்டும் கோடு போட்டு, சிலிர்க்க வைத்தது எது என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதுங்கள்: சத்தம், வாசனை, மௌனம், வாக்கிய வரிசை.

வரிசை என்றால் என்ன? 'டிராகுலா' (1897) நாவலில் ஜோனதன் ஹார்க்கர் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்கிறான். முதலில் தோளில் ஒரு கை. அடுத்து 'குட் மார்னிங்' என்ற டிராகுலா பிரபுவின் குரல். அறை முழுக்கத் தெரியும் கண்ணாடியில் அவரை மட்டும் காணவில்லையே என்பது அதற்கப்புறம்தான் உறைக்கிறது. திடுக்கிட்டதில் கத்தி கீறிவிடுகிறது. கேமராவோ கண்ணாடியையும் கையையும் ஒரே நொடியில் காட்டிவிடக்கூடும். அங்கே இயக்குநர் என்ன செய்யப்போகிறார் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

மாற்றங்களைக் குற்றப்பட்டியல் போடாதீர்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் சுமார் ஒரு நிமிடம். 400 பக்கமும் இரண்டரை மணி நேரத்தில் அடங்காது. சில மாற்றங்களுக்குக் கலையோடு சம்பந்தமே இருக்காது. 'தி ஷைனிங்' நாவலில் (1977) பேய் இருக்கும் ஹோட்டல் அறையின் எண் 217, படத்தில் (1980) 237. வெளிப்புறக் காட்சி எடுத்த ஹோட்டலில் 217 நிஜமாகவே இருந்தது. படத்தைப் பார்த்தபின் அதில் யாரும் தங்க வரமாட்டார்களோ என்று நிர்வாகம் பயந்தது.

நம்மூருக்கென்று ஒரு வேலை பாக்கி: இன்டர்வல் எங்கே விழும் என்று யூகித்து அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். தமிழ்ப் படமென்றால் அந்த இடத்துக்காகவே ஒரு அதிர்ச்சியைக் கட்டியிருப்பார்கள். ஆங்கிலப் படமென்றால் தியேட்டர்காரர் நடுவில் வெட்டுவார், ஏறிவந்த பயம் பாப்கார்ன் வரிசையில் இறங்கிவிடும். அது நாவலின் குறையுமல்ல, இயக்குநரின் குறையுமல்ல.

படம் பார்த்த ராத்திரியே கோடு போட்ட பக்கங்களை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். நாள் தள்ளினால் ஹார்க்கருக்கும் நடிகரின் குரல் ஒட்டிக்கொள்ளும்.