வீட்டுத் தோட்டத்துக் குண்டுமல்லி: வெட்டத் தயங்காதீர்கள்

ஆளுயரம் வளர்ந்து இலையும் கொடியுமாய்ப் பரந்திருக்கும் குண்டுமல்லிச் செடி, நாளுக்கு நாலைந்து பூவோடு நின்றுவிடுகிறது என்று பலரும் குறைப்படுகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் அந்தச் செடியை யாரும் கவாத்து செய்யாததுதான், அதாவது கிளைகளை வெட்டிவிடாததுதான். குண்டுமல்லி புதிதாகத் துளிர்க்கும் கிளைகளின் நுனியில்தான் அரும்பு வைக்கும். முற்றிய கிளை எவ்வளவு நீண்டாலும் அதில் புதுத் துளிர் இல்லையென்றால் பூவும் இல்லை.

நடவிலிருந்தே தொடங்குவோம். மல்லிகைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மாமரத்தடியிலோ மதில் நிழலிலோ வைத்த செடி பச்சைப்பசேலென்று இருக்கும், ஆனால் பூக்காது. ஆனி முதல் கார்த்திகைக்குள், நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. இருக்குமாறு குழி எடுத்து, சில நாள் வெயிலில் ஆறவிட்டு, 10 கிலோ மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, வேர் பிடித்த பதியனை (தாய்ச்செடியின் கிளையை மண்ணில் பதித்து வேர்விடச் செய்த கன்றை) நட வேண்டும். இரண்டு செடி வைப்பதானால் இடையே 1.25 மீட்டராவது விடுங்கள். செம்மண் கலந்த, நீர் வடியும் மண் இதற்கு மிகவும் உகந்தது. களிமண் நிலமாக இருந்தால் ஆற்று மணல் கலந்து, தரையைச் சற்று மேடாக்கி நடுவது நல்லது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

இனி கவாத்து. கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், மழை சற்று ஓய்ந்த நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குச் சில நாள் முன்பிருந்தே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். கூரான கத்தரியால், தரையிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. உயரம் விட்டு எல்லாக் கிளைகளையும் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக அமையட்டும். கணுவில் உறங்கும் மொட்டுதான் துளிராகும் என்பதால் அதை நசுக்கிவிடக் கூடாது. காய்ந்த குச்சி, நோயுற்ற குச்சி, ஒன்றையொன்று உரசும் குச்சி ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடலாம். பருத்த வெட்டுவாய்களில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லிப் பசை) தடவினால் பூஞ்சை அண்டாது. வெட்டிய அன்று செடி மொட்டையாக நிற்பதைப் பார்த்து வீட்டிலுள்ளவர்கள் வருந்துவார்கள். தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இட்டு நீர் விட்டால், சில வாரங்களில் கணுக்கள்தோறும் செம்பச்சைக் கொழுந்துகள் கிளம்பும். மாசி, பங்குனியில் அரும்பு கட்டத் தொடங்கி ஆடி வரை பூக்கும்.

ஆனி, ஆடியில் இரண்டாம் முறை உரமிடலாம். தழைச்சத்தை (நைட்ரஜன்) மட்டும் அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழிக்கும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அதைவிடக் கூடுதலாக வேண்டும். இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை தெளியுங்கள்.

மொட்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கம் மிகவும் உதவும். சிறு துளையும் நூலாம்படையும் தெரிந்தால் அது மொட்டுப்புழுவின் வேலை. மொட்டின் அடி வீங்கி, ஊதா நிறமாகி, விரியாமலே உதிர்ந்தால் அது மொட்டு ஈ. இரண்டிலும் தாக்குண்ட மொட்டுகளைக் கீழே போடாமல் பொறுக்கி எடுத்து அழித்துவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசலில் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால், வீட்டுச் செடிக்குப் பெரும்பாலும் அதுவே போதும். கோடையில் இலையின் அடிப்புறத்தில் சிவப்புச் சிலந்தி வரும். அப்போது இலைகளின் அடிப்புறத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே முதல் மருந்து.

பூ எடுப்பதிலும் நேரம் உண்டு. நன்கு பருத்து வெளுத்த மொட்டுகளை, வெயில் ஏறும் முன் காலையிலேயே பறித்துவிட்டால் அவை மாலையில் விரிந்து மணக்கும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்திலும் விடியற்காலையில்தான் மொட்டு பறிக்கிறார்கள். ஓர் அடுக்கு பூத்து முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு கணு இறக்கிக் கிள்ளிவிடுங்கள். பக்கத்துளிர் வந்து அடுத்த அரும்பைத் தரும்.