விற்ற டொமைனைச் சிக்கலில்லாமல் கைமாற்றுவது எப்படி?

சுங்கை சிப்புட்டில் எங்கள் கடை வரிசையில் மசாலா அரைத்து விற்ற அக்கா, கடையை மூடியதும் அதன் டொமைனை, அதாவது டாட் காம் இணையப் பெயரை, கிள்ளானில் ஒருவருக்கு விற்றார். பேரம் ஒரே நாளில் முடிந்தது. பெயரைக் கைமாற்றத்தான் மூன்று வாரம் இழுத்தது. ஒரு மின்னஞ்சல் முகவரிதான் காரணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. மின்னஞ்சலைச் சரிபாருங்கள்

டொமைன் பதிவு செய்த நிறுவனத்தில் உங்கள் கணக்கு எந்த முகவரியில் இருக்கிறது? அக்காவுடையது, விற்கப்போகும் அதே டொமைனின் முகவரி. கடை மூடிய மாதமே மெயில் சேவைக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியிருந்தார். நிறுவனம் அனுப்பிய கடிதங்கள் அவருக்கு வந்து சேரவே இல்லை. முன்கூட்டியே ஜிமெயில் போன்ற வேறு முகவரிக்கு மாறிவிடுங்கள். ஆனால் உரிமையாளர் விவரத்தில் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால், வேறு நிறுவனத்துக்கு நகர்த்த முடியாதபடி 60 நாள் பூட்டு விழக்கூடும். அந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தால், மாற்றத்தைச் சேமிக்கும் முன்பே அதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்த முகவரியில் திறந்த பேங்க், ஃபேஸ்புக், மின்கட்டணக் கணக்குகளையும் மாற்றுங்கள். டொமைன் கைமாறிய பிறகு புதியவர் அதே முகவரியை உருவாக்கிக்கொள்ள முடியும். பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு அவருக்குத்தான் போகும். அக்காவும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இதைத்தான் செய்தோம்.

2. எளிய வழி இருக்கிறதா?

வாங்குபவர் அதே நிறுவனத்தில் கணக்கு திறந்தால், பெயரைக் கணக்குவிட்டுக் கணக்கு தள்ளிவிடலாம். பெரும்பாலும் சில நிமிட வேலை. இதை முதலில் கேட்டுப் பாருங்கள்.

3. வேறு நிறுவனத்துக்குப் போவதானால்

புதிதாகப் பதிந்த பெயரும், அண்மையில் நிறுவனம் மாறிய பெயரும் 60 நாள் நகராது. அந்தத் தடை இல்லையென்றால் உங்கள் கணக்கில் டிரான்ஸ்ஃபர் லாக்கை (பெயர் நகராமல் தடுக்கும் பூட்டு) எடுத்துவிட்டு, உங்கள் நிறுவனத்திடம் ஆத் கோட் (பெயரை நகர்த்தத் தேவையான ரகசியக் குறியீடு) கேளுங்கள். அந்தக் கோட்தான் வீட்டுச் சாவி. பணம் உங்களுக்கோ எஸ்குரோ சேவைக்கோ வந்து சேராமல் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எஸ்குரோவில் பணம் நடுவில் நிற்கும். பெயர் கைமாறியதும் உங்களுக்கு விடுவிப்பார்கள்.

வாங்குபவர் தன் நிறுவனத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டதும் உங்களுக்கு மெயில் வரும். ஒப்புதல் கொடுத்தால் சீக்கிரம் முடியும். பேசாமல் இருந்தாலும், யாரும் மறுக்காவிட்டால், பொதுவாக 5 நாளில் போய்விடும். டாட் காமுக்கு வாங்குபவர் கட்டும் கட்டணத்தில் ஓராண்டு கூடுதலாகச் சேரும். மலேசியாவின் டாட் மை பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் மைநிக் அமைப்பின் விதிகள் தனி.

4. இணையதளம் ஓடிக்கொண்டிருந்தால்

பெயர் மட்டும்தான் நகர்கிறது. பக்கங்களும் மெயிலும் கூடவே வராது. பழைய நிறுவனத்தின் நேம்சர்வரை (பெயரைத் தளத்துக்கு வழிகாட்டும் கணினி) நம்பியிருந்தால் தளம் திடீரென நின்றுபோகலாம். டிஎன்எஸ் பதிவுகளை (தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் வரிகள்) ஒரு தாளில் எழுதி, வாங்குபவரிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

டொமைன் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று காட்டும் பொதுத் தேடலில் புதிய நிறுவனத்தின் பெயர் தெரிந்ததும், பழைய கணக்கிலிருந்து உங்கள் கார்டு விவரத்தை நீக்குங்கள்.