குளிர்காலத்தில் வெயிலைத் தேடிக் கிளம்புகிறவர்கள் இடம் பார்ப்பதில் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். "அண்ணா, பாருங்க. பகல்ல 19 டிகிரி, ராத்திரி 5. மழையும் இல்லை. டெத் வேலியில ரேஸ்டிராக்னு ஒரு காய்ஞ்ச ஏரி இருக்குல்ல, அங்க ரெண்டு ராத்திரி டென்ட் போடப் போறோம். பாப்பாவும் வர்றா." அந்த 19 டிகிரி எந்த இடத்துடையது என்று கேட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. திரையின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஃபர்னஸ் கிரீக் என்று இருந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் ஏறக்குறைய இதே எண்களை நம்பித்தான் அதே ரேஸ்டிராக்குக்குக் கிளம்பினேன்.

தண்ணீர், ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, இடத்தைத் தேர்வு செய்யும்போதே நடந்துவிடும் தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

வேறொரு உயரத்தின் வெப்பநிலையை நம்புவது

கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் ஃபர்னஸ் கிரீக் கடல் மட்டத்துக்கு 58 மீட்டர் கீழே இருக்கிறது. அதே தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரேஸ்டிராக், கடல் மட்டத்திலிருந்து 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டும் ஒரே பாலைவனம். ஆனால் இடையில் கிட்டத்தட்ட 1,190 மீட்டர் ஏற்றம் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் கீழே 5 டிகிரி என்றால் மேலே பூஜ்யத்துக்கும் கீழே 2, 3 டிகிரி. இந்தக் கணக்கைப் போட இரண்டு நிமிடம் போதும். அன்று நான் போடவில்லை.

ஒரு குழந்தையையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர், ஒரே வண்டி, ஜனவரி மாதம். மதியம் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில், சட்டைக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பள்ளத்தாக்கின் தென்கோடியில் டென்ட் போட்டோம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய அரை மணி நேரத்தில் கை விரல்கள் விறைக்க ஆரம்பித்தன. பாலைவனக் காற்றில் ஈரம் குறைவு, மேகமும் இல்லை. தரை பகலில் வாங்கிய சூடு முழுவதும் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்குக் குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும். நாங்கள் படுத்திருந்தது அந்தத் தேக்கத்துக்குள்.

இரவு ஒரு மணிக்கு டென்ட் கம்பியில் தொங்கிய வெப்பமானி மைனஸ் 6 காட்டியது. எங்கள் மூச்சின் ஈரம் டென்ட் துணியின் உட்பக்கம் வெள்ளையாக உறைந்து, அசையும்போதெல்லாம் பொடிப்பொடியாக முகத்தில் உதிர்ந்தது. தண்ணீர் கேனின் குழாய் வாய் உறைந்து அடைத்துக்கொண்டது. சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று அடுப்பை எடுத்தால் அது எரியவில்லை. எங்களிடம் இருந்தது சாதாரண பியூட்டேன் சிலிண்டர். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் கொதிக்கும். அதற்குக் கீழே போனால் சிலிண்டருக்குள் திரவமாகவே கிடக்கும், வாயுவாக வெளியே வராது. புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். இதையெல்லாம் நான் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன்.

குழந்தை நடுங்குவதைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்குக் கீழே இறங்கிவிட முடிவு செய்தோம். செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் வண்டி எடுத்தது. குளிரில் பாட்டரியின் வலு குறையும். எங்களுடையதிலிருந்து ஃபிரிட்ஜும் மாலையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதை கிட்டத்தட்ட 43 கிலோமீட்டர், கூரான கற்களுக்குப் பேர் போனது. பகலில் கற்களைப் பார்த்து விலக்கி ஓட்டினேன். இரவில், அவசரத்தில், விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. முதலில் பின் டயரின் பக்கவாட்டு கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு 6 கிலோமீட்டர் போவதற்குள் முன் டயரும் கிழிந்தது. விடியும் வரை நான்கு பேரும் வண்டிக்குள் எல்லாப் போர்வையையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் அந்தப் பக்கம் வந்த ஒருவர் கீழே போய்த் தகவல் சொன்னார். வண்டியை இழுத்து வரக் கொடுத்த பணம், அந்தப் பயணத்தின் மற்ற எல்லாச் செலவையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம்.

இவ்வளவையும் கிளப்பிவிட்டது பார்க்காமல் விட்ட ஓர் உயர எண். அதனால்தான் யாராவது பகல் வெப்பநிலையை மட்டும் காட்டி "நல்ல சூடா இருக்கு" என்றால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில் முகாமிடத்தின் உயரம், அப்புறம் வானிலை சொல்லும் இடத்தின் உயரம். 100 மீட்டருக்கு 0.65 டிகிரி வீதம் கழித்துக்கொள்கிறேன். பகலின் உச்சத்தை விட்டுவிட்டு இரவின் கீழ் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். காற்றில்லாத தெளிந்த இரவாகவும் இடம் பள்ளமாகவும் இருந்தால் இன்னும் சில டிகிரி குறைத்துக்கொள்கிறேன். டென்ட்டைப் பள்ளத்தின் அடியில் போடாமல், சற்று மேடான திட்டில், காலை வெயில் முதலில் விழும் பக்கமாகப் போடுகிறேன். இருபது முப்பது அடி மேலே போனாலே வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

பூமத்திய ரேகைக்குக் கிட்டே என்றால் சூடு என்று நினைப்பது

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மகர ரேகையை ஒட்டியே இருக்கிறது. அங்கே குளிர்காலமான ஜூலையில் இரவின் சராசரி 4 டிகிரிதான், பல காலைகளில் தரையில் உறைபனி படிந்திருக்கும். கடலிலிருந்து வெகுதூரம், 545 மீட்டர் உயரம், வறண்ட காற்று. சிம்ப்சன் பாலைவனத்தின் 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகளைக் கடக்கப் போகிறவர்களும் அதே குளிருக்குத் தயாராகத்தான் போக வேண்டும்.

இரவிலும் கதகதப்பு வேண்டுமென்றால் ஒன்று கடலோரம், அல்லது உண்மையான வெப்பமண்டலம். அதே ஜூலையில் வடமேற்கே கிம்பர்லி பகுதி வறண்ட பருவத்தில் இருக்கும். 660 கிலோமீட்டர் கிப் ரிவர் ரோடு திறந்திருக்கும், இரவுகள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அளவுக்குக் குளிராது. வட கோளத்தில், டிசம்பரிலும் ஜனவரியிலும், மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் வளைகுடாப் பக்கக் கரை நல்ல தேர்வு. கடல் இரவில் சீக்கிரம் ஆறாது, கரையையும் ஆறவிடாது. ஆனால் அங்கே குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பலத்த காற்று நாள் கணக்கில் அடிக்கும். வடக்குப் பக்கம் குன்று மறைக்கும் சிறு குடாவாகப் பார்த்துத் தங்குங்கள். திறந்த கடற்கரையில் போட்ட டென்ட் கம்பி வளைந்து மடங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

காய்ந்த ஏரித் தரையைச் சாலையாக நினைப்பது

பாலைவனத்தில் மழை பெய்யாது என்று எண்ணிக்கொண்டு போகிறோம். கலிஃபோர்னியப் பாலைவனங்களில் பெய்கிற கொஞ்சம் மழையும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் பெய்கிறது. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மழையால் டெத் வேலியின் பேட்வாட்டர் பள்ளத்தில் ஏரியே உருவானது. 2024 பிப்ரவரியில் வந்த மழை அதை மறுபடி நிரப்பியது. அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஒரு நல்ல மழை போதும். களிமண் தரை மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும், அடியில் களி அப்படியே இருக்கும். நான்கு சக்கரமும் இழுத்தாலும் டயரின் பள்ளங்களில் களி அப்பிக்கொண்டால் பிடிப்பு கிடைக்காது. இன்னொன்று, ஈரத் தரையில் விழும் சக்கரத் தடம் வருடக்கணக்கில் அழியாது. ரேஸ்டிராக்கின் ஏரித் தரையில் வண்டி ஏற்றுவதற்கே தடை. மெல்லிய பனித்தகடும் காற்றும் தள்ளி நகர்ந்த கற்கள் வரைந்த கோடுகளுக்கு நடுவே யாரோ ஓட்டிய சக்கரத் தடத்தைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது.

வறண்ட ஓடைப் படுகையில் படுப்பது

மணல் மெத்தென்று இருக்கும். மழை 30 கிலோமீட்டருக்கு அப்பால் பெய்தாலும் வெள்ளம் அந்த வழியாகத்தான் வரும்.

குளிருக்கு டென்ட்டுக்குள் கரி அடுப்பு

வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கோடைகாலக் கணக்கில் தூரத்தைப் போடுவது

டெத் வேலி இருக்கும் 36 பாகை அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் 10 மணி நேரம்கூட இல்லை. கரடான பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் போனால் அதிகம். காலையில் பனி உருகி, டென்ட் துணி காய்ந்து, மடித்து வைத்துக் கிளம்ப ஒன்பது மணி ஆகிவிடும். நான்கு மணிக்குள் வண்டியை நிறுத்திவிடும்படி திட்டம் போடுங்கள்.

இறங்கிப் போக ஓர் இடம் இல்லாமல் மேலே ஏறுவது

உயரமான இடத்தில் தங்கியே ஆக வேண்டும் என்றால், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடக்கூடிய தாழ்வான முகாமிடம் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிரும் காற்றும் எப்படி என்று பார்த்து மதியம் இரண்டு மணிக்கு முடிவெடுங்கள், இரவு இரண்டு மணிக்கு எடுக்காதீர்கள்.

அந்தத் தம்பி வரைபடத்தை விரித்து உயரக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். இரண்டு இரவையும் கடல் மட்டத்தில் இருக்கும் ஸ்டோவ்பைப் வெல்ஸுக்கு மாற்றிக்கொண்டார். ரேஸ்டிராக்குக்குக் காலையிலேயே கிளம்பி, அங்கே ஒரு மணி நேரம் மட்டும் இருந்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அந்தக் கல் பாதையைத் தாண்டி இறங்கிவிடுவதாகச் சொன்னார். கிளம்பும் முன் என்னுடைய வெப்பமானியை வாங்கிக்கொண்டு போனார்.