திண்டுக்கல் தாண்டினால் புளியைக் கரைக்கலாம்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. ஒன்றரை கிலோ வெள்ளாட்டுக்கறி மஞ்சளும் உப்பும் போட்டு குக்கரில் இருக்கிறது. இரண்டு விசில் வந்துவிட்டது. திருப்பூரிலிருந்து தங்கச்சி போன் போட்டாள்.

"அண்ணே, மதியத்துக்கு வர முடியாது போலருக்கு. பெரியவனுக்கு கம்பெனியில ஷிப்ட்ட மாத்திட்டாங்க. ரெண்டு மணிக்கு மேலதான் கிளம்புவோம், ராத்திரி ஆயிரும்."

"சரித்தா, பரவாயில்ல. அஞ்சு பேருதான?"

"ஒம்பது பேருண்ணே. அத்தையும் வர்றாங்க, நாத்தனா குடும்பமும் வருது." கொஞ்சம் இழுத்தாள். "அப்புறம் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அவரும் பெரியவனும் மாலை போட்டிருக்காங்க."

மூன்றாவது விசில் சரியாக அப்போதுதான் வந்தது.

நான் 31 வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். பாதி நாள் திண்டுக்கல் ரூட், மீதி நாள் திருப்பூர் ரூட். வீட்டுக்காரிக்கு மூட்டுவலி வந்த பிறகு மதுரை பெத்தானியாபுரத்து வீட்டில் அடுப்படி என் கைக்கு வந்தது. ஐம்பத்தைந்து சீட் வண்டியில் எண்பது பேர் ஏறினாலும் வண்டி போய்த்தான் ஆகவேண்டும் என்பது எனக்குப் பழகிய விஷயம். ஆனால் கறிக்குழம்பு வேகும் வீட்டுக்கு ஐயப்ப சாமிகள் வருவது வேறு கணக்கு.

அன்றைக்குச் செய்ததையும் செய்திருக்கக் கூடாததையும் எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இது நடக்கும்.

முதல் வேலை, போனை வைக்காதீர்கள். வருகிறவர்களுக்கே தர்மசங்கடமாக இருக்கும், சட்டென்று பேச்சை முடிக்கப் பார்ப்பார்கள். பிடித்து வைத்துக் கேளுங்கள். எத்தனை பேர், அதில் சின்னப் பிள்ளைகள் எத்தனை? எந்த வேளைக்கு வருகிறார்கள், தங்குகிறார்களா? யார் எதைத் தொடமாட்டார்கள்? மாலை போட்டவர்கள் என்றால் இன்னும் இரண்டு கேள்வி உண்டு: வெங்காயம் பூண்டு சேர்ப்பார்களா, ராத்திரிக்குச் சோறா பலகாரமா? இது வீட்டுக்கு வீடு மாறும். என் மச்சான் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை, ராத்திரி பலகாரம்தான். கறி வேகிற விஷயத்தையும் நான் மறைக்கவில்லை. "அடுப்படியக் கழுவிவிட்டுட்டு தனிப் பாத்திரத்துல செஞ்சாப் போதும்ணே, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றாள். மறைத்திருந்தால் அன்று முழுக்க எனக்குத்தான் வயிறு கலங்கியிருக்கும்.

அடுத்தது, வெந்துகொண்டிருக்கும் கறி. அதை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போகும். உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு மட்டும் போட்டு வெந்த கறி எதுவாகவும் மாறும். குழம்பாகும், சுக்காவாகும், கொத்தி முட்டையோடு கல்லில் போட்டால் கறி தோசையாகும். மசாலா சேர்த்து தேங்காய் அரைத்து ஊற்றிவிட்டால் அது குழம்பு மட்டும்தான், மதுரை வெக்கையில் சீக்கிரம் ஊசியும் போய்விடும். அதனால் விருந்துக் கறியை எப்போதும் வெறும் உப்பு மஞ்சளில் வேகவைத்து நிறுத்துகிறேன். இளசு என்றால் நாலைந்து விசில். எலும்பிலிருந்து கறி கழன்று விழும் முன்பே அணைத்துவிட வேண்டும், மிச்சம் மறுபடி சூடாக்கும்போது வெந்துகொள்ளும்.

அணைத்த பிறகு குக்கரோடு மூடி வைக்காதீர்கள். கறித்துண்டுகளை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வைத்தேன். தண்ணீரைத் தனியாக வடித்தேன், அதுதான் சுக்காவுக்கு உயிர். அரை மணி நேரத்தில் ஆறியது, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜுக்குப் போனது. எங்கள் ஃப்ரிட்ஜுக்கு இல்லை, எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்கு. சாமிக்கு வைக்கிற பாலும் தயிரும் நம் ஃப்ரிட்ஜில் இருக்கவேண்டுமே. எதிர்வீட்டம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பாதுகாப்புக்கு நான் பொறுப்பு, எடைக்குப் பொறுப்பில்ல" என்றார்கள்.

இனி என் தப்பு. கறியை இறக்கிய கையோடு, நேரம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, மாலைச் சாம்பாருக்குப் பருப்பை அடுப்பில் போட்டேன். முக்கால் வேக்காட்டில் மூடியைத் திறந்து ஒரு கிண்டு கிண்டினேன். வீட்டுக்காரி நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"அது எந்தக் கரண்டி?"

கறி கிண்டிய கரண்டி. ஒரு டம்ளர் துவரம்பருப்பும் மதியம் எங்கள் இருவர் தட்டுக்குத்தான் வந்தது. மறுநாள் காலையும் வந்தது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கறி வேலையை முழுசாக முடியுங்கள். அப்புறம் அடுப்பு, மேடை, சிங்க், தரை எல்லாவற்றையும் கழுவுங்கள். அப்புறம் குளியல். அதற்குப் பிறகுதான் விரதச் சமையலுக்குப் பருப்பு டப்பாவையே திறக்க வேண்டும். பரணில் இருந்த சீர்ப் பாத்திரங்களை இறக்கினேன். ஒரு குண்டான், இரண்டு சட்டி, கரண்டிகள், டம்ளர். கறி படாத பாத்திரம் ஒரு செட் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. புரட்டாசிச் சனிக்கும் ஆகும். தட்டுக்கு வழி ரொம்பச் சுலபம், வாழை இலை. தோசைக்கல்லில் போன வாரம்தான் கறி தோசை ஊற்றியிருந்தேன், அதனால் புதுசாக ஒரு இரும்புக்கல் வாங்கிவிட்டேன். கார்த்திகை தோறும் கவலை மிச்சம்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். மதியச் சோறென்றால் என் கணக்கு எளிது. 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் அரிசி இரண்டு பெரிய ஆளுக்கு. ஒன்பது பேருக்கு ஐந்து டம்ளர் போட்டால் குழந்தைகள் போக ஒரு கை மிஞ்சும். ஆனால் அன்றைக்கு ராத்திரிப் பலகாரம். வீட்டில் இருந்த இட்லி மாவு இருபது இட்லிக்குத்தான் வரும். காலையில் ஊறப்போட்டு மதியம் ஆட்டினாலும், கார்த்திகை மழைக் குளிரில் ராத்திரிக்குள் பொங்குமா என்பது சந்தேகம். கடை மாவை மாலை போட்டவருக்கு ஊற்ற எனக்கு மனசில்லை.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே இருப்பது அடை. புளிக்க வேண்டாம், பொங்க வேண்டாம், வெங்காயமும் வேண்டாம். இரண்டு டம்ளர் இட்லி அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, அரை டம்ளர் கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி உளுந்து. எட்டு வரமிளகாயோடு மூன்று மணி நேரம் ஊறவைத்து, ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைத்து, உப்பும் பெருங்காயமும் போட வேண்டியதுதான். முருங்கைக்கீரையை உருவி வைத்துக்கொண்டு ஊற்றும்போது கலந்தால் நிறம் மாறாது. மெத்தென்று கனமாக ஊற்றி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, அதில் நல்லெண்ணெய் விடுங்கள். இந்த அளவுக்கு எங்கள் கல்லில் பதினெட்டு, இருபது அடை வரும். இரண்டு தின்றவன் மூன்றாவதைக் கேட்கமாட்டான். ஆள் கூடிய அன்றைக்கு அதுவும் ஒரு சௌகரியம். இருபது இட்லியைக் குழந்தைகளுக்கும், பல் இல்லாத அத்தைக்கும் ஒதுக்கிவிட்டேன்.

சாம்பார் பத்தாது போலிருந்தால் தண்ணீரை ஊற்றிப் பெருக்காதீர்கள், ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிடும். கால் டம்ளர் பாசிப்பருப்பைத் தனியாக வேகவைத்தால் கால் மணியில் குழைந்துவிடும், அதைக் கரைத்து ஊற்றுங்கள். கூடவே பூசணிக்காய் நாலு பத்தை சேருங்கள். காய் வேகும் முன் புளியை ஊற்றவே கூடாது. புளி பட்டால் காய் விறைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் நறுக்கு நறுக்கென்றுதான் இருக்கும்.

இப்போது என் தொழில் ரகசியம். வருகிறவர்களிடம் "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. யாருக்கும் தெரியாது, டிரைவருக்கே தெரியாது. "எந்த ஊரு தாண்டிட்டீங்க?" என்று கேளுங்கள். திருப்பூர் வண்டி தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக ஆரப்பாளையம் வரும். என் அடுப்பு அந்த ஊர்களை வைத்துத்தான் எரியும்.

ஒட்டன்சத்திரம் தாண்டிவிட்டோம் என்று போன் வந்தால், காய் நறுக்கி, புளியை ஊறப்போட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து மாவை வெளியே எடுக்கலாம். சில்லென்ற மாவில் இட்லி சரியாக வேகாது. திண்டுக்கல் தாண்டினால் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது: புளியைக் கரைக்கலாம், காயை வேகவிடலாம், வெந்ததும் பருப்பையும் புளியையும் சேர்க்கலாம். வாடிப்பட்டி என்றால் தேங்காய் துருவுங்கள், இட்லிக் கொப்பரையில் தண்ணீரைச் சூடாக்குங்கள். சமயநல்லூர் என்றால் சட்னி அரைத்து, முதல் ஈடு இட்லியை ஏற்றுங்கள். ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கும்போதுதான் கடுகு வெடிக்க வேண்டும். தாளிப்பு வாசம் தெருவிலேயே அவர்களை எதிர்கொள்ளும், சாம்பார் அப்போதுதான் இறக்கியதென்று நம்பிவிடுவார்கள். வேறு திசையிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு ஊர்கள். திருநெல்வேலி ஆட்கள் என்றால் எனக்குக் கோவில்பட்டி, விருதுநகர், திருமங்கலம். மாட்டுத்தாவணியில் இறங்கி இந்தக் கோடிக்கு வரும் நேரத்தையும் கூட்டிக்கொள்வேன்.

அன்று திண்டுக்கல்லுக்குப் பிறகு ஒரு மணி நேரம் போனே வரவில்லை. தங்கச்சி தூங்கிவிட்டாள். ஒருத்தர் போனை நம்பக் கூடாது, இரண்டு பேரிடம் சொல்லி வைக்க வேண்டும். கடைசியில் நாத்தனார் மகள், பத்து வயசு இருக்கும், "மாமா, பரவைன்னு போர்டு போட்டிருக்கு" என்று கூப்பிட்டாள். சமயநல்லூரைத் தாண்டியாயிற்று. அரக்கப்பரக்க இட்லியை ஏற்றினேன். முதலில் போயிருக்க வேண்டிய சட்னி கடைசியில் போனது. யாரும் கவனிக்கவில்லை.

வந்ததும் இலை போட அவசரப்படாதீர்கள். சாமிகள் குளிக்க வேண்டும், விளக்கேற்றிச் சரணம் சொல்ல வேண்டும், அரை மணி ஆகும். பிள்ளைகள் அதுவரை தாங்கமாட்டார்கள். அவர்களுக்கு முதல் ஈடு இட்லியைக் கொடுத்துவிட்டேன். அடையை மட்டும் முன்கூட்டி ஊற்றி அடுக்கிவைக்கக் கூடாது, வரட்டி மாதிரி ஆகிவிடும். ஆள் உட்கார்ந்த பிறகு கல்லிலிருந்து நேராக இலைக்கு. தொட்டுக்கொள்ளச் சாம்பாரும் வெல்லமும் வைத்தேன். மச்சான் சாம்பாரைத் தொடவே இல்லை, வெல்லத்தோடு மூன்று அடை தின்றார். இரண்டுக்கு மேல் கேட்கமாட்டார்கள் என்ற என் கணக்கு அங்கே உடைந்தது.

நாத்தனார் வீட்டுக்காரர் மட்டும் அடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். பரோட்டா ஆசை முகத்திலேயே தெரிந்தது. மதுரையில் ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவுக்கு என்ன பஞ்சம்? தெருமுனைக் கடைக்கு அவரைக் கூட்டிப் போய்விட்டேன். விருந்தாளியைக் கடையில் சாப்பிட வைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. சால்னா வீட்டுக்குள் வராமல் அங்கேயே முடிந்ததில் எனக்கும் நிம்மதி.

திங்கள்கிழமை மதியம் எல்லாரையும் வண்டியேற்றிவிட்டு வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். டப்பா பத்திரமாக இருந்தது. இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, சோம்பு, கறிவேப்பிலை, முந்தின நாள் உரித்து வைத்திருந்த சின்ன வெங்காயம் முழுவதையும் போட்டு வதக்கினேன். கறியையும் வடித்து வைத்த தண்ணீரையும் ஊற்றி, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை கிண்டினேன். இறக்கும்போது அன்றைக்கு இடித்த மிளகும் சீரகமும். ஒரு கிண்ணம் நிறைய எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

"ஏண்ணே, இவ்வளவு கொடுத்துவிட்டிருக்கீங்க?" என்று அந்தம்மா வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். "நேத்தே நாங்க கொஞ்சம் எடுத்துக்கிட்டோமே!"