டர்பனில் வீட்டுச் சாமான் வாங்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்தால் விசா, வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாம் வேலை கொடுத்தவர்களே பார்த்துக்கொள்வார்கள். கடையில் எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடிவந்த கையோடு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். இரண்டாம் மாதமே குளிர்ச்சி நின்றது. ஒரு வாரத்துக்கு அரைத்து வைத்த தோசை மாவு பொங்கி வழிந்து, கதவு ரப்பர் இடுக்கெல்லாம் புளித்துக் கிடந்தது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஊரில் பார்த்துப் பழகிய வாசகம்தானே என்று நானும் பேசவில்லை. கடையில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். ‘ரிப்பேர்’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அதுதான் தப்பு. 2011 முதல் இந்த நாட்டில் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் ரிப்பேரா, வேறு பொருளா, பணமா என்று முடிவு செய்வது நாம்தான், கடைக்காரர் அல்ல. பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் அந்த உரிமை போகாது. ‘கம்பெனியைப் போய்க் கேளுங்கள்’ என்று கைகழுவவும் முடியாது. (நாமே போட்டு உடைத்தால் அது வேறு கதை.)

ரிப்பேராகி வந்த ஃபிரிட்ஜ் இருபதே நாளில் மறுபடி நின்றது. லோட் ஷெடிங்தான் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) காரணம், திரும்பவும் ரிப்பேருக்குத் தாருங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் காப்பாற்றினார். தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூசக் காவடியைத் தவறவிடாதவர். ரிப்பேர் செய்த 3 மாதத்துக்குள் மறுபடி பழுதானால் கடை புதுசு தர வேண்டும், இல்லாவிட்டால் பணம் தர வேண்டும் என்று சொல்லி, என் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தார். கடை மசியாவிட்டால் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான ஓம்பட்ஸ்மனிடம் (புகார் கேட்டுத் தீர்க்கும் அமைப்பு) போகலாம், அடுத்தது தேசிய நுகர்வோர் ஆணையம் என்றும் சொன்னார். அதுவரை போக வேண்டியிருக்கவில்லை, பணம் வந்தது.

அப்புறம், ஊர் திரும்பும் நண்பர் விற்கும் பழைய சாமானுக்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது. சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடை வைக்க வரும் நம்மவர்களே, அந்தத் ‘திரும்பப் பெறப்படாது’ போர்டை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு பொருளில் இரண்டு விலை ஒட்டியிருந்தால் குறைந்த விலையைத்தான் வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியும், அதையும் கவனியுங்கள்.

பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். அடுப்படி அலமாரியில் வைத்த என் பில்லில் தேதி பாதி மங்கிவிட்டது. அந்தத் தேதிக்காகவே கடையில் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.